பன்னிரண்டு கஜம்

நடுநிசியில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் நம் ஊரில் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். குழந்தைக்கு வயிற்றுவலி, பையனுக்குப் பரீட்சை, அல்லது விடியற்காலை ரயிலுக்கு யாரோ மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, என் வீட்டில் விளக்கு எரிந்ததற்கு இந்த மூன்றில் எதுவும் காரணமில்லை. நானும் என் பேத்தியும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பாஸல் நகரத்தில், ஐரோப்பியப் பெண்கள் கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து ஒரு கட்சி. ஸ்பெயின் மறு கட்சி.

பேத்தி பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் குழுவில் ஆடுகிறவள். எனக்கோ பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் அந்த ஆட்டத்தில் அதிக ஞானம் கிடையாது. "தாத்தா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும்" என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தாள். ராத்திரி வேளையில் தனியாகக் கவலைப்படுவது கஷ்டம் அல்லவா? அதற்காக ஒரு துணை.

ஆட்டம் தொடங்கி 25வது நிமிஷத்தில் ஸ்பெயின் தேசத்து மரியோனா கால்டென்டே பந்தைத் தலையால் முட்டி கோல் போட்டார். 57வது நிமிஷத்தில் இங்கிலாந்தின் அலெஸியா ரூஸோ அதேபோலத் தலையால் முட்டிக் கணக்கைச் சரிசெய்தார். அப்புறம் 90 நிமிஷம் ஆயிற்று. அதிகப்படியான 30 நிமிஷமும் ஆயிற்று. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. "அவ்வளவுதான், இனிமேல் பெனால்டி" என்று பேத்தி தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பெனால்டியின் பூர்வோத்தரத்தையும், அந்தப் பெண்கள் எந்த வழியாக அந்த மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் முதல் ஒரு வாரம் நான் புத்தகமும் கையுமாக இருந்து தெரிந்துகொண்ட விஷயம் இது.

* * *

பெனால்டி உதையைக் கண்டுபிடித்தவர் ஒரு கோல்கீப்பர் என்றால் ஆச்சரியமாயிருக்கும். வில்லியம் மக்ரம் என்பது அவர் பெயர். அயர்லாந்தில் ஆர்மா ஜில்லாவைச் சேர்ந்த மில்ஃபோர்டு என்ற சிற்றூர்க்காரர். லினன் துணி ஆலை வைத்திருந்த குடும்பம். கோலுக்குப் பக்கத்தில் எதிரியின் காலை வாரிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறவர்களைக் கண்டு மனம் வெறுத்து, அப்படிச் செய்தால் 12 கஜத்திலிருந்து தடையில்லாமல் ஓர் உதை கொடுக்க வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். "கனவான்கள் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவார்களா? இப்படி ஒரு விதி செய்வதே எங்களுக்கு அவமானம்!" என்று சில கனவான்கள் கோபித்துக்கொண்டார்கள். இருந்தாலும் 1891இல் அது சட்டமாயிற்று.

இது குற்றத்துக்குத் தண்டனை. ஆட்டம் சரிசமமாக முடிந்தால் வெற்றியை நிர்ணயிக்கவும் இதையே உபயோகிக்கலாம் என்று தோன்றுவதற்கு மேலும் சுமார் 80 வருஷம் ஆயிற்று. அதுவரையில் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள்; சீட்டுக் குலுக்கினார்கள். 1968இல் நேப்பிள்ஸ் நகரத்தில் இத்தாலியும் சோவியத் ரஷ்யாவும் ஆடிய ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி, பூவா தலையா போட்டுத்தான் முடிவாயிற்று. இத்தாலி ஜெயித்தது, பிறகு கோப்பையையும் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் குழு பல்கேரியாவிடம் சீட்டுக் குலுக்கலில் தோற்றது. இது அநியாயம் என்று மனம் புழுங்கிய யோசெப் டாகன் என்ற இஸ்ரேல்காரர், கட்சிக்கு ஐந்து பேர் 12 கஜத்திலிருந்து உதைக்கட்டும் என்று ஒரு திட்டம் தயாரித்தார். 1970இல் சர்வதேச விதிக் குழு அந்த முறையை ஏற்றுக்கொண்டது.

பெனால்டியும் சூதாட்டந்தான் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கோல் 8 கஜ அகலம், 8 அடி உயரம். பந்து 12 கஜ தூரத்தில். இரு கட்சிக்கும் அதே கம்பம், அதே புள்ளி, அதே தூரம். யாருக்கும் ஓர் அங்குலம் கூடக் கிடையாது, குறையவும் கிடையாது. கால்பந்து ஆட்டத்தில் அவ்வளவு கச்சிதமான சமத்துவம் வேறு எங்கே இருக்கிறது?

சமத்துவம் என்றவுடன் இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. இந்தப் புதிய விதி பிறந்த அதே 1970-71ஆம் வருஷத்தில்தான் இங்கிலாந்தில் ஒரு பழைய விதி செத்துப் போயிற்று. அதன் கதைதான் இந்தக் கட்டுரையின் உயிர்நிலை.

* * *

முதலாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆண்கள் போர்க்களத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பிரெஸ்டன் நகரத்தில் 'டிக், கெர்' என்ற கம்பெனி இருந்தது. யுத்தத் தளவாடங்கள் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனியின் பெண்கள், சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்டு என்பவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு குழுவைத் திரட்டினார். 1917ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, காயமடைந்த சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்ப்பதற்காக அவர்கள் டீப்டேல் மைதானத்தில் ஆடினார்கள். சுமார் 10,000 பேர் வந்து பார்த்தார்கள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, 1920 டிசம்பர் 26ஆம் தேதி, லிவர்பூல் நகரத்துக் குடிஸன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களோடு அவர்கள் ஆடியபோது உள்ளே இருந்தவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் வாசலோடு திரும்பினவர்கள் பதினாயிரத்துக்கு மேல். வசூலான தொகை 3,115 பவுன். அந்தக் காலத்துப் பவுன் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. அந்தக் குழுவில் லில்லி பார் என்ற பெண் இருந்தார். நல்ல உயரம், இடது காலால் அவர் அடிக்கும் பந்துக்குக் கோல்கீப்பர்கள் அஞ்சினார்களாம். வயது அப்போது பதினைந்துதான்.

இவ்வளவு ஜனங்கள் வந்தால், இவ்வளவு பணம் சேர்ந்தால், சும்மா இருப்பார்களா? 1921ஆம் வருஷம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார்கள். அந்தக் குடும்பங்களின் பசிக்காகவும் பெண்கள் குழுக்கள் ஆடிப் பணம் திரட்டின. சிப்பாய்க்கு ஆடியபோது புண்ணியமாக இருந்தது, சுரங்கத் தொழிலாளிக்கு ஆடியபோது சிலர் கண்ணை உறுத்தியது. அந்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தார் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். கால்பந்து பெண்களுக்குச் சற்றும் ஏற்றதல்ல. தர்மத்துக்காகச் சேரும் பணத்தில் செலவு என்ற பெயரால் அதிகப் பங்கு போய்விடுகிறது. ஆகையால் சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் எதுவும் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கலாகாது. இதுதான் தீர்மானத்தின் சாரம்.

பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்று சில டாக்டர்களும் ஒத்து ஊதினார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. யுத்த காலத்தில் இங்கிலாந்தின் ஆயுதச் சாலைகளில் டி.என்.டி. என்னும் வெடிமருந்தைக் கையாண்ட பெண்களுக்குத் தோல் மஞ்சளாகிப் போய்விட்டது. ஊரார் அவர்களைக் 'கானரிக் குருவிகள்' என்று அழைத்தார்கள். குண்டுக்குள் மருந்து அடைப்பது பெண்ணின் உடம்புக்கு ஆகும். பந்தை உதைப்பது ஆகாது! வைத்திய சாஸ்திரம் சில சமயம் தேச நிலவரத்தை அனுசரித்து நடந்துகொள்கிறது.

அந்தத் தீர்மானத்தில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். "பெண்கள் பந்து ஆடக் கூடாது" என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். "தாராளமாக ஆடுங்கள், எங்கள் இடத்தில் வேண்டாம்" என்றார்கள். இடம் இல்லையென்றால் ஜனங்கள் உட்கார முடியாது. ஜனங்கள் வராவிட்டால் வசூல் இல்லை. வசூல் இல்லாத ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பத்திரிகையில் எழுத ஆள் இல்லை. கொஞ்ச காலம் போனால், "பெண்கள் ஆட்டத்தை யார் ஐயா பார்க்கிறார்கள்?" என்று கேட்கலாம். 53,000 பேர் பார்த்தார்கள் என்று பதில் சொல்ல, அப்போது உயிரோடிருப்பவர்களே சொற்பமாக இருப்பார்கள். கையை வெட்டாமலே கையை இல்லாமல் செய்கிற வித்தை இது. மற்ற தேசத்தாரும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். பிரேஸில் 1941இல் சட்டமே போட்டது, 1979இல்தான் எடுத்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955 முதல் 1970 வரையில் தடுத்து வைத்திருந்தது.

டிக், கெர் பெண்கள் அதனால் ஆட்டத்தை விட்டுவிட்டார்களா? இல்லை. 1922இல் அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஆண்கள் குழுக்களோடு ஆடினார்கள். ஊருக்குத் திரும்பி, பூங்காக்களிலும் கிடைத்த வெளியிடங்களிலும் ஆடினார்கள். பெயர் மாறி, ஆட்கள் மாறி, அந்தக் குழு 1965 வரையில் நடந்தது. லில்லி பார் மனநோய் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே 1951 வரையில் ஆடினார். 1978இல் காலமானார். அவருக்கு மான்செஸ்டரில் தேசியக் கால்பந்துக் காட்சிச்சாலையில் சிலை வைத்தது 2019இல். கால்பந்துச் சங்கம் தன் பழைய தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தது 2008இல். வருத்தத்தைக் கேட்க லில்லி பார் இல்லை.

* * *

தடை நீங்கிய பிறகு, 1972 நவம்பரில் இங்கிலாந்துப் பெண்கள் குழு ஸ்காட்லாந்தோடு முதல் அதிகாரபூர்வமான போட்டி ஆடியது. முதலில் இரண்டு கோல் வாங்கி, பிறகு மூன்று போட்டு ஜெயித்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1984இல், ஐரோப்பாவின் முதலாவது பெண்கள் கோப்பைக்கு இங்கிலாந்தும் ஸ்வீடனும் இறுதிக்கு வந்தன. பதினாறு தேசங்கள்தான் கலந்துகொண்டன என்பதால், சாம்பியன் பட்டம் என்று அதற்குப் பெயர் கொடுக்கக்கூட அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. வெறும் 'போட்டி' என்றார்கள். ஆண்களுக்கு 90 நிமிஷம். இவர்களுக்கு 70 நிமிஷம். பந்தும் ஓர் அளவு சிறியது.

இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் பியா சுந்தாகே என்ற பெண் தலையால் முட்டிய ஒரே கோலினால் ஸ்வீடன் ஜெயித்தது. இந்தப் பியா சுந்தாகேயின் பெயரை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் இவருடைய ஊரில் பெண்களுக்குக் குழு கிடையாது. பையன்கள் குழுவில் ஆடுவதற்காக, 'பெல்லே' என்று ஒரு பையன் பெயரைச் சூட்டி, பயிற்சியாளர் இவரைக் களத்தில் இறக்கினாராம்.

இரண்டாவது ஆட்டம் மே 27ஆம் தேதி இங்கிலாந்தில் லூட்டன் நகரத்தில். பேய்மழை பெய்து மைதானம் உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் சொச்சம். ஐம்பத்துமூவாயிரம் எங்கே, இது எங்கே! ஐம்பது வருஷத் தடை என்ன செய்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆடியவர்கள் எல்லாரும் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள்.

அந்தச் சேற்றில் லிண்டா கர்பிஷ்லி என்ற பெண் ஒரு கோல் போட்டு இங்கிலாந்தை ஜெயிக்க வைத்தார். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே பெனால்டி. ஸ்வீடனின் கோல்கீப்பர் எலிஸபெத் லைடிங்கே இரண்டு உதைகளைத் தடுத்துவிட்டார். அதில் ஒன்று, கோல் போட்ட அதே கர்பிஷ்லி அடித்தது. கடைசி உதைக்கு வந்தவர் பியா சுந்தாகே. பந்து உள்ளே போயிற்று. நாலுக்கு மூன்று, கோப்பை ஸ்வீடனுக்கு.

பியா சுந்தாகேக்கு விதி இன்னும் சில பெனால்டிகளை மிச்சம் வைத்திருந்தது. 2011இல் அவர் அமெரிக்கக் குழுவின் பயிற்சியாளர். ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் உலகக் கோப்பை இறுதி, எதிரே ஜப்பான். அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் பூகம்பமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைச் சீரழித்திருந்தன. அமெரிக்கா இரண்டு தடவை முன்னுக்குப் போயிற்று. இரண்டு தடவையும் ஜப்பான் சரிக்கட்டியது. 117வது நிமிஷத்தில் ஜப்பான் தலைவி ஹோமாரே சாவா போட்ட கோல் இரண்டாவது. பிறகு பெனால்டியில் அமெரிக்காவின் முதல் மூன்று உதைகளும் வீண். மூன்றுக்கு ஒன்று என்று ஜப்பான் ஜெயித்தது. கொடுத்த பன்னிரண்டு கஜம் அதை வட்டியோடு வாங்கிக்கொண்டுவிட்டது.

2025இல் ஸ்விட்ஜர்லாந்து தேசம் ஐரோப்பியக் கோப்பையை நடத்தியபோது, அந்த நாட்டுக் குழுவின் பயிற்சியாளராக இருந்தவர் யார் தெரியுமா? அதே பியா சுந்தாகே. அவருடைய குழு கால் இறுதியில் ஸ்பெயினிடம் தோற்றது. அவருடைய சொந்த தேசமான ஸ்வீடனோ கால் இறுதியில் இங்கிலாந்தைச் சந்தித்தது. இரண்டுக்கு இரண்டு, மறுபடியும் பெனால்டி! பதினான்கு பேர் உதைத்தார்கள். ஒன்பது பேர் தவறவிட்டார்கள். ஸ்வீடன் கோல்கீப்பர் ஜெனிஃபர் ஃபால்க் நாலு உதையைத் தடுத்தவர். தாமே உதைத்தால் வெற்றி என்ற கட்டத்தில் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டார். மூன்றுக்கு இரண்டு என்று இங்கிலாந்து ஜெயித்தது. லூட்டன் சேற்றின் கடன் நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு தீர்ந்தது.

* * *

இப்போது பாஸலுக்குத் திரும்பலாம். பேத்தி தலையணையைக் கீழே இறக்கிவிட்டாள். ஐரோப்பியப் பெண்கள் கோப்பையின் இறுதிப் போட்டி பெனால்டியில் முடிவாவது 1984க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

இங்கிலாந்தின் பெத் மீட் முதலில் வந்தார். கால் வழுக்கிப் பந்து இரண்டு தடவை காலில் பட்டுவிட்டது. மறுபடி அடிக்கச் சொன்னார்கள். ஸ்பெயின் கோல்கீப்பர் காட்டா கோல் அதைத் தடுத்துவிட்டார். ஸ்பெயினின் பாட்ரி கிஹாரோ கோல் போட்டார். "போச்சு" என்றாள் பேத்தி. ஆனால் போகவில்லை. இங்கிலாந்தின் கோல்கீப்பர் ஹானா ஹாம்ப்டன் இருந்தார்.

இந்த ஹாம்ப்டனுக்குப் பிறவியிலேயே மாறுகண். குழந்தைப் பருவத்தில் பல தடவை அறுவை சிகிச்சை. பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிப்பது கஷ்டம். கால்பந்தெல்லாம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். மேலும், சிறு வயதில் சில வருஷங்கள் அவர் ஸ்பெயினில் வளர்ந்து, அங்கேதான் ஆட்டம் கற்றுக்கொண்டவர். அவர் முதலில் கால்டென்டே அடித்ததைத் தடுத்தார். அடுத்து, அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரி என்று இரண்டு வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியிருந்த ஐத்தானா பொன்மத்தி அடித்ததையும் தடுத்தார். இங்கிலாந்தின் அலெக்ஸ் கிரீன்வுட்டும் நீவ் சார்ல்ஸும் கோல் போட்டார்கள். தலைவி லியா வில்லியம்ஸன் தவறவிட்டார். ஸ்பெயினின் ஸல்மா பராலுவெலோ அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று.

ஐந்தாவதாகக் க்ளோயி கெல்லி வந்தார். பந்துக்குப் பின்னால் நின்று, ஒரு காலைத் தூக்கி ஒரு சிறு குதி குதித்தார். ஓடினார். அடித்தார். மூன்றுக்கு ஒன்று. 34,203 பேர் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். என் வீட்டில் ஒரே ஒருத்திதான் கூச்சல் போட்டாள். ஆனால் அடுத்த வீட்டில் விளக்கு எரிவதற்கு அது போதுமானதாக இருந்தது.

* * *

ஒரு வாரம் கழித்து, நான் படித்ததையெல்லாம் பேத்திக்குச் சொன்னேன். லில்லி பாரின் இடது காலைப் பற்றிச் சொல்லும்போது கண்ணை அகல விரித்துக் கேட்டாள். 1921ஆம் வருஷத்துத் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"தாத்தா, அவங்க பந்தைப் பிடுங்கலை. கிரவுண்டைத்தான் பிடுங்கினாங்க, இல்லையா?" என்றாள்.

"ஆமாம், அம்மா."

"எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான். சாயந்திரம் முழுக்கப் பையன்களுக்கு. எங்களுக்குச் சனிக்கிழமை காலையில, அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும். கேட்டா, 'உங்களை ஆட வேண்டாம்னு யார் சொன்னது?'ங்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் கனவான்கள் கூடிச் செய்த தீர்மானம், யாரும் எழுதாமல், யாரும் படிக்காமல், என் தெருவுக்கு அடுத்த தெருவில் அமுலில் இருந்துவருகிறது! அங்கே உள்ளவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்டால் அவர்களே ஆச்சரியப்படுவார்கள். அதுதான் இந்த விஷயத்தில் உள்ள அபாயம். வேண்டாம் என்று சொல்கிறவரோடு சண்டை போடலாம். வேண்டாம் என்று சொல்லாமலே இடத்தை மட்டும் கொடுக்காமல் இருப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

சண்டை போடத் தெரியாததால் நான் ஒரு கடிதம் எழுதினேன். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்; படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பெண்களுக்கு என்று ஏற்பாடு செய்தார். இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

கிடைத்த அந்த ஒரு சாயங்காலத்தில் பேத்தி முதலில் செய்த காரியம், கோல் கம்பத்திலிருந்து அடி அளந்து, சுண்ணாம்பினால் ஒரு புள்ளி வைத்ததுதான். பன்னிரண்டு கஜம். பையன்களுக்கும் அதே புள்ளிதான்.